மறு: மறு: ‘ப்ரீதிங்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். டிஜிட்டல் சினிமா படிக்கும் மாணவர்களுக்கான ஒரு பாடத்தைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக ஒரு சினி லென்ஸும், மேட் பாக்ஸ் (லென்ஸ் முன் பொருத்தும் ஒளிமறைப்புப் பெட்டி), ஃபாலோ ஃபோகஸ் (ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் கருவி) மாதிரியான துணைக்கருவிகளும் கைக்கு வந்தால் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் பாடம். வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. மற்ற சொற்களை ஒருவழியாகக் கரை சேர்த்துவிட்டேன். ‘ப்ரீதிங்’ (breathing, மூச்சுவிடுதல்) மட்டும் மூன்று நாளாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

விஷயம் இதுதான். கேமராவை நகர்த்தவில்லை, ஜூமைத் தொடவில்லை. தொலைவில் இருக்கும் ஃபோகஸை அருகுக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். ஆனால் சட்டகத்துக்குள் தெரியும் பரப்பும் கூடவே குறுகுகிறது, அல்லது விரிகிறது. நேற்று நானே செய்து பார்த்தேன். கேமராவை முக்காலியில் நிறுத்தி, வலது ஓரத்தில் ஒரு கதவுக் கீல் பாதி தெரியும்படி வைத்தேன். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்பக் கீல் மெல்ல வெளியே போனது. திருப்பிக் கொண்டுவந்தால் உள்ளே வந்தது. மார்பு ஏறி இறங்குவது போலத்தான் இருக்கிறது. பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது.

முதல் வரைவில் ‘உயிர்ப்பு’ என்று போட்டேன். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல்தானே, நெட்டுயிர்ப்பு என்கிறோமே என்ற தைரியம். அட்டவணையைப் படித்துப் பார்த்ததும் வியர்த்துவிட்டது. “இந்த லென்ஸில் உயிர்ப்பு அதிகம்.” குறை சொல்ல வந்த வரி பாராட்டாகிவிட்டது. அடுத்த வரி, “இதில் உயிர்ப்பு அறவே இல்லை.” பாராட்ட வந்த வரி லென்ஸைப் பிணமாக்கிவிட்டது. உதவுங்கள்.

ஃபோகஸ் புல்லர்:

படப்பிடிப்புத் தளத்தில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புகிற நாங்கள் “ப்ரீத் ஆகுது” என்போம். எல்லாருக்கும் புரியும். ‘மூச்சு’ என்று போட்டால் “லென்ஸ் மூச்சு வாங்குது” என்றுதான் உதவியாளர்கள் சொல்வார்கள், மாடிப்படி ஏறி வந்தது மாதிரி. ‘மூச்சுவிடாத லென்ஸ்’ என்றால் ஓயாமல் பேசுகிற லென்ஸ் போலிருக்கிறது.

சகோதரி, உங்கள் கீல் சோதனையில் ஒரு திருத்தம். சோதிக்கும்போது லென்ஸில் ஒளி நுழையும் துளையை டி16 என்ற அளவுக்குச் சிறிதாக்கிவிடுங்கள். துளை திறந்திருந்தால் ஓரத்துப் பொருள் மங்கிப் பரவும். சட்டகம் குறுகியதா, மங்கல்தான் பெருத்ததா என்று கண் ஏமாந்துவிடும். பாடத்தில் இந்த வரி இல்லையென்றால் நீங்களே சேர்த்துவிடுங்கள். சொல்லைவிட இது முக்கியம்.

தனித்தமிழ் அன்பர்:

“ப்ரீத் ஆகுது” என்பது எந்த மொழி? வினையும் அவர்களுடையது, ‘ஆகுது’ மட்டும் நம்முடையதா?

என் பரிந்துரை *கூம்பல்*. மலர் இதழ் மூடுவது கூம்பல். ஓரங்கள் உள்நோக்கி ஒடுங்குகின்றன, பார்வைப் பரப்பு சிறுக்கிறது. வில்லையின் பார்வைப் பரப்பே கூம்பு வடிவம்தான் என்பதையும் நோக்குக. கூம்பு, கூப்பு, குவி, குவியம் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. ஆகக் குவியத்தின் உடன்பிறப்பே கூம்பல். வேற்றுமொழி உருவகத்தை மூக்கும் மூச்சுமாகக் கடன் வாங்கத் தேவையில்லை.

இயற்பியல் ஆசிரியை:

அன்பரே, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு திசையைத்தான் சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். 50 மி.மீ. குவியத் தூரமுள்ள எளிய லென்ஸ். முடிவிலிக்குக் குவிக்கும்போது லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 50 மி.மீ. பொருள் 1 மீட்டரில் இருந்தால் 52.6 மி.மீ. தேவை, அரை மீட்டருக்கு 55.6. லென்ஸ் முன்னே நகர நகர உருவம் பெரிதாகிறது, அரை மீட்டரில் ஏறத்தாழ 11 விழுக்காடு. சென்சார் வளராது. ஆகவே ஓரத்தில் இருந்தவை வெளியே தள்ளப்படுகின்றன. கீல் போன கதை இதுதான்.

உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதி மட்டும் நகர்ந்து ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களில் கதையே மாறும். அருகே வர வர அவற்றின் குவியத் தூரமே குறையலாம். அந்தக் குறைவு மேலே சொன்ன வளர்ச்சியை ஈடுகட்டினால் ஓரம் அசையாது. அளவு மீறினால் பரப்பு விரியும். அதைக் ‘கூம்பல்’ என்றால் மாணவர் குழம்புவார். ‘குவிய விரிவு’ என்று போட்டாலோ, குவிந்தது எப்படி விரியும் என்று கேட்பார்.

*பார்வைப்பரப்பு மாற்றம்* என்று விளக்கமாகவே சொல்லிவிட்டால் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:

அம்மா, அட்டவணையில் அந்தக் கட்டத்தின் அகலம் எட்டு எழுத்துதான். தவிர, ஜூம் செய்தாலும் பார்வைப்பரப்பு மாறத்தானே செய்கிறது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளைகளே, இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு லென்ஸ் தெரியாது. ஆனால் அந்தப் பெண் முதல் மடலிலேயே விடையைச் சொல்லிவிட்டாள். மார்பு ஏறி இறங்குவது போல என்றாளே, அதற்குத் தமிழில் *விம்முதல்* என்று பெயர். விம்மல் என்றால் பருத்தல், பூரித்தல், விரிதல். அழுகையில் மார்பு ஏறி இறங்குவதால் தேம்பலுக்கும் அதே சொல் வந்தது. உள்ளே ஏதோ நகர, வெளியே உருவம் பெருக்கிறது என்றால் அது விம்மல்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாக்கியத்தில் நடமாடாத சொல்லை நான் சொல்லென்றே கொள்வதில்லை. இது விம்முகிறது, விம்மும் லென்ஸ், விம்மாத லென்ஸ், விம்மிவிட்டது. எதிர்மறைப் பெயரெச்சம் வரை போய்ப் பாருங்கள், இடறாது. ‘பார்வைப்பரப்பு மாற்றம்’ இரண்டடி நடக்கட்டும் பார்ப்போம்: பார்வைப்பரப்பு மாறுதலுக்கு உட்படாத லென்ஸ்! அதற்குள் படம் முடிந்துவிடும்.

ஃபோகஸ் புல்லர்:

ஐயா, “விம்மாத லென்ஸ்” நன்றாக இருக்கிறது. ஆனால் “இந்த லென்ஸ் விம்முது” என்று தளத்தில் சொன்னால், யார் அழ வைத்தது என்று கேட்பார்களே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, கேட்கட்டும். ஒருமுறை கேட்டவன் மறக்க மாட்டான். நீங்கள் மட்டும் என்ன, கண்ணாடிக்கு நோயின் பெயர் வைத்ததில்லையா?

ஃபோகஸ் புல்லர்:

அதை ஏன் கேட்கிறீர்கள், வைத்திருக்கிறோம். 1953இல் சினிமாஸ்கோப் வந்த புதிதில் அனமார்ஃபிக் லென்ஸ்களில் ஒரு தொல்லை இருந்தது. படத்தைப் பக்கவாட்டில் இரு மடங்கு நெருக்கிப் பதிவு செய்து, திரையில் அதே அளவு விரிப்பார்கள். ஆனால் நடிகர் கேமராவுக்கு அருகே வந்தால் நெருக்கும் விகிதம் குறைந்துவிடும். திரையில் விரிக்கும் விகிதம் குறையாது. அதனால் அண்மைக் காட்சியில் முகம் இரண்டு பக்கமும் உப்பித் தெரியும். அதற்கு வைத்த பெயர் ‘மம்ஸ்’. அதாவது பொன்னுக்கு வீங்கி! பானாவிஷன் நிறுவனம் இந்தக் குறையைச் சரிசெய்துதான் பெயர் வாங்கியது. பொன்னுக்கு வீங்கி ஒத்துக்கொண்ட தொழிலுக்கு விம்மல் ஒத்துவராதா என்ன, நான் ஐயா பக்கம் சாய்கிறேன்.

சரி, ‘மம்ஸ்’ பாடத்தில் வருகிறதா? வந்தால் ‘பொன்னுக்கு வீங்கி’ என்றே போடச் சொல்லி இப்போதே வாக்களிக்கிறேன்.

தனித்தமிழ் அன்பர்:

விம்மலுக்கு எனக்குப் பகையில்லை. ஆனால் அதோடு வியப்பைக் குறிக்கும் ‘விம்மித’மும் உள்ளே நுழையும். விம்மிதம் விம்மு என்பதிலிருந்து பிறந்ததென்று பலர் நம்புகிறார்கள். அது ‘விஸ்மித’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். மெய்ப்பாட்டில் தொல்காப்பியர் ஆண்ட சொல் மருட்கை. ஒலி ஒற்றுமையால் வடசொல்லுக்குத் தமிழ்ப் பூணூல் மாட்டும் வேலைக்கு இந்தச் சொல் இடம் தரும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

விம்மிதம் எங்கிருந்து வந்தால் என்ன, நான் கேட்பது விம்மலை. விம்மு, வீங்கு, விரி, வீறு, இவற்றின் முதலெழுத்தில் ஒரு பெருக்கக் குறிப்பு இருப்பதாக நான் முப்பது ஆண்டாகச் சொல்லி வருகிறேன்…

மட்டுறுத்துநர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். விழை, விடை, விலங்கு என்று நான் மறுபக்கம் பட்டியல் போட்டால் இந்த இழை தீபாவளிக்கும் முடியாது. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ (சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் எளிதில் விளங்காது) என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லிவைத்ததே நம்மைப் போன்றவர்களை நினைத்துத்தான். லென்ஸா வில்லையா என்பதையும் இங்கே தொட வேண்டாம். அந்தப் பழைய இழை இன்னும் ஆறவில்லை.

இயற்பியல் ஆசிரியை:

நானும் சொல்லிப் பார்த்தேன். விம்மினது அடங்கும், அடங்கினது மறுபடி விம்மும். ஆட்டோஃபோகஸ் தடுமாறும்போது சட்டகம் முன்னும் பின்னும் துடிப்பதற்கு இது மிகப் பொருத்தம். திசைச் சிக்கல் இதிலும் கொஞ்சம் இருக்கிறது. குறுகும்போதும் விம்மல் என்பதா? குறுகுவது பரப்பு, அப்போது பெருப்பது உருவம் என்று சமாதானம் செய்துகொள்கிறேன். பரப்பு விரியும் லென்ஸுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. முழு மனதோடு இல்லை, ஆனால் தடுக்கவில்லை.

கேமராவே இதைச் சரிசெய்வதையும் ஒரு வரி சேர்க்கலாம். சோனி ஏ7 IV 2021இல் அந்த வசதியோடு வந்தது. ஓரத்தைச் சற்று வெட்டி, படத்தை நொடிக்கு நொடி அளவு மாற்றிக் காட்டும். அதற்குப் பொருந்தும் லென்ஸ்களோடுதான் வேலை செய்யும். அதற்கு ‘விம்மல் ஈடு’ என்று எட்டெழுத்துக்குள் முடிகிறது பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நன்றி அம்மா. இடையில் ஒரு சின்னக் கேள்வி: லென்ஸ் துளையின் அளவுகளான டி-ஸ்டாப், எஃப்-ஸ்டாப் இரண்டையும் தமிழாக்கவா?

இயற்பியல் ஆசிரியை:

தொடாதீர்கள். எஃப் வடிவியல் கணக்கு, டி உள்ளே வந்து சேரும் ஒளியின் கணக்கு. எஃப்/2 லென்ஸ் 80 விழுக்காடு ஒளியைத்தான் கடத்தினால் அது ஏறத்தாழ டி2.2. எழுத்தை மாற்றினால் லென்ஸ் மேல் பொறித்திருப்பதை மாணவரால் படிக்க முடியாது.

தனித்தமிழ் அன்பர்:

இதற்கு மட்டும் எல்லாரும் ஒரே நொடியில் ஒத்துப்போகிறீர்கள்.

மட்டுறுத்துநர்:

இன்று வியாழன் இரவு. எண்ணிவிட்டேன். விம்மல் 5, கூம்பல் 2, ப்ரீதிங் என்றே விடலாம் 3, பார்வைப்பரப்பு மாற்றம் 1. மற்றவர்கள் வழக்கம்போல் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள். பதினொன்றில் ஐந்து பெரும்பான்மை அல்ல என்று யாரும் இப்போது ஆரம்பிக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:

அனுப்பிவிட்டேன். அட்டவணைத் தலைப்பில் ‘ப்ரீதிங்’ என்றே விட்டிருக்கிறேன், மாணவர் நாளைக்குத் தளத்தில் கேட்கப்போவது அதைத்தான். முதல் பத்தியில் “இதை விம்மல் என்போம்” என்று ஒரு வரி. அதற்குப் பிறகு உரை முழுக்க வினையாகவே ஓடுகிறது: “முகத்திலிருந்து பின்னால் நிற்பவருக்கு ஃபோகஸ் மாறும் காட்சிக்கு விம்மாத லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.” மெய்ப்பு பார்த்தவர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, அவரே அழித்திருக்கிறார்.

தனித்தமிழ் அன்பர்:

என் மறுப்பைப் பதிவு செய்க. எதிர்மறைப் பெயரெச்சம்தான் அளவுகோல் என்றால், *கூம்பாத வில்லை*. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.