வசந்தப் புல், பசுவும் செம்மறியும் ஒரே நிலத்தில்: எப்போது திறந்துவிடுவது, எதில் கவனம்?

காட்டுமல்லி எழுதியது:

வணக்கம். வெர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் 45 ஏக்கர் மேய்ச்சல் நிலம். பெரும்பகுதி பழைய கென்டக்கி 31 ஃபெஸ்கியூ புல், ஊடே வெள்ளை க்ளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடி. 12 ஏங்கஸ் கலப்புப் பசுக்கள், பிப்ரவரி கடைசியிலிருந்து கன்று போட்டு வருகின்றன. 30 கட்டாடின் செம்மறிப் பெட்டைகள், ஏப்ரல் நடுவில் குட்டி போடும். இரண்டு வயது முடிந்த காயடித்த காளைகள் 4, இந்த வருடம் கறிக்கு. தானியம் கொடுப்பதில்லை. கறி நேரே வீடுகளுக்குப் போகிறது. மாடு பாதி அல்லது கால் பங்கு, ஆடு முழுசு.

இப்போது மார்ச் கடைசி. புல் 3 அங்குலம் வந்துவிட்டது. மாடுகள் பச்சையைப் பார்த்துக்கொண்டு காய்ந்த புல்லைத் தொட மறுக்கின்றன. எப்போது திறந்துவிடலாம்? பசுவையும் ஆட்டையும் சேர்த்து மேய்த்தால் தாது உப்பை எப்படிக் கொடுப்பது? ஆட்டுக்குப் புழு எவ்வளவு பெரிய பிரச்சினை? காளைகளை எந்த மாதத்தில் வெட்டக் கொடுத்தால் கறி நன்றாக இருக்கும்?

நாலுகால்பட்டி எழுதியது:

3 அங்குலத்தில் திறக்காதீங்க. அந்த நிலையில் புல் இன்னும் அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் இலை விடுகிறது. அதைக் கடித்துவிட்டால் வேர் சுருங்கும், ஜூலை வெயிலில் அந்த இடம் களையாகும். இப்போது ஒரு வாரம் முந்தினால் கோடையில் பல வாரத்து மேய்ச்சல் போகும். அதுவரை ஒரே ஒரு துண்டைப் பலி கொடுத்து, எல்லாவற்றையும் அங்கே அடைத்து, மிச்சமிருக்கும் காய்ந்த புல் உருளைகளைப் போடுங்க. கத்தினால் கத்தட்டும், பசித்தால் தின்னும்.

ஆனால் நிலம் முழுக்க 8 அங்குலம் வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். அப்படிச் செய்தால் கடைசித் துண்டுக்குப் போய்ச் சேரும்போது புல் கதிர் விட்டிருக்கும். தெற்கு பார்த்த சரிவில் முதல் துண்டு 6 அங்குலம் தொட்டதும் ஆரம்பிக்கணும். பாலிவயர் (நகர்த்தக்கூடிய மின்வேலிக் கயிறு) போட்டு 14 முதல் 16 துண்டாகப் பிரித்து, ஒரு நாள் அல்லது ஒன்றரை நாளுக்கு ஒரு துண்டு. நுனியை மட்டும் கடிக்கவிட்டு 4 அங்குலம் மிச்சம் இருக்கும்போதே நகர்த்தணும். ஏப்ரல், மே மாதத்தில் ஒரு துண்டுக்குத் திரும்பி வர 15 முதல் 20 நாள் போதும். ஜூன் நடுவுக்கு மேல் 30 நாளுக்குக் குறையக் கூடாது. மே முதல் வாரம் புல் உங்களை முந்திக்கொண்டு ஓடும். அப்போது மூன்றில் ஒரு பங்குத் துண்டுகளை மேய்ச்சல் சுழற்சியிலிருந்து எடுத்துவிட்டு, கதிர் உறைக்குள் இருக்கும்போதே அறுத்து உலர்த்திவிடுங்க. மழை இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் அது வெறும் தட்டை.

முதல் ஒரு வாரம் காலையில் காய்ந்த புல்லை வயிறு நிறையப் போட்டு, பனி உலர்ந்த பிறகு 2 மணி நேரம் மேயவிட்டு, தினமும் நேரத்தைக் கூட்டுங்க. பசித்த மாட்டைக் க்ளோவர் பாதிக்கு மேல் இருக்கிற துண்டில் விட்டால் இடது பக்கம் விலாவுக்குப் பின்னே வயிறு உப்பும். அது மணிக்கணக்கில் கொல்லும் விஷயம்.

வேலி: மாட்டுக்கு 32 அங்குல உயரத்தில் ஒரு கம்பி போதும். ஆட்டுக்கு 3 கம்பியாவது வேணும், 4,000 வோல்ட்டுக்குக் குறையாமல். வசந்தத்தில் வோல்ட் விழுந்தால் முதலில் அடிக்கம்பியைப் பாருங்க. ஈரப்புல் உரசி மின்சாரத்தை இறக்கிவிடும். அடுத்தது பூமிக்கம்பி: 6 அடிக் கம்பி 3, பத்தடி இடைவெளியில்.

கால்நடை_வைத்தியம் எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் நிலத்தில் இந்த ஆறு வாரத்துக்கு எனக்கு முதல் கவலை உப்புத்தொட்டிதான்.

குளிர்ந்த, மேகமூட்டமான வசந்த நாளில் வேகமாக வளரும் புல்லில் மக்னீசியம் குறைவு, பொட்டாசியமும் நைட்ரஜனும் அதிகம். பொட்டாசியம் மிகுந்தால் இரைப்பை மக்னீசியத்தை உறிஞ்சாது. கன்று போட்டு இரண்டு மாதத்துக்குள் இருக்கிற பசு, அதிலும் ஐந்தாறு ஈற்றுக் கண்ட நிறையப் பால் உள்ள பசு, தினமும் பாலில் மக்னீசியத்தை இழக்கிறது. தேவைக்கு உடனே எடுக்கிற மாதிரி உடம்பில் சேமிப்பு கிடையாது. விளைவு கிராஸ் டெட்டனி என்கிற வலிப்பு: காது விறைப்பு, தசைத் துடிப்பு, தள்ளாட்டம், விழுந்து கால் உதைத்தல், சில மணி நேரத்தில் சாவு. பல சமயம் காலையில் செத்துக் கிடப்பதுதான் முதல் அறிகுறி. கால் பக்கத்து மண் கீறிக் கிடக்கும்.

உங்கள் பள்ளத்தாக்கில் கோழிப் பண்ணைகள் அதிகம், கோழி எரு மலிவு. வசந்த மேய்ச்சலுக்கு முன் அதைப் போட்ட துண்டுகளில் நைட்ரஜனும் பொட்டாசியமும் இன்னும் ஏறியிருக்கும். அந்தத் துண்டுகளைப் பால் தரும் பசுக்களுக்குக் கடைசியாகக் கொடுங்கள். அதே எருவில் தாமிரமும் உண்டு; புதிதாக எரு போட்ட துண்டில் ஆட்டை விடவே வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், கடையில் 'ஹை மேக்' என்று விற்கும் மாட்டு உப்பில் மக்னீசியம் 12 முதல் 14 சதவீதம் இருக்கும், நல்லதுதான். ஆனால் அதில் மாட்டுக்கான தாமிரமும் இருக்கிறது. செம்மறி தாமிரத்தைச் சரியாக வெளியேற்றத் தெரியாத பிராணி. வாரக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே போய், பிறகு ஏதாவது ஓர் அலைச்சலிலோ ஈற்று நேரத்திலோ ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் காப்பி நிறமாகும், ஒன்றிரண்டு நாளில் சாகும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது அபூர்வம்.

சேர்த்து மேய்ப்பதானால் தாமிரம் சேர்க்காத கலவை ஒன்றை இருவருக்கும் பொதுவாக வையுங்கள்: மக்னீசியம் ஆக்ஸைடு ஒரு பங்கு, சாதா உப்பு ஒரு பங்கு, ஆல்ஃபால்ஃபா (குதிரைமசால்) தூள் ஒரு பங்கு, எல்லாம் எடைக்கணக்கில். மக்னீசியம் ஆக்ஸைடு வாயில் சுண்ணாம்பு மாதிரி இருக்கும், தனியாக எதுவும் தொடாது, ஆல்ஃபால்ஃபா அதற்காகத்தான். பசு நாளைக்கு 4 அவுன்ஸ் கலவை தின்ன வேண்டும். 12 பசுவுக்கு நாளைக்கு 3 பவுண்டு, ஆட்டின் பங்கு தனி. தொட்டியை எடை போட்டுப் பாருங்கள். குறையவில்லை என்றால் மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் வேறு உப்புக்கட்டி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அதை நக்கிவிட்டு இதை விட்டுவிடும். மழை பட்டால் கட்டியாகிவிடும், மூடி உள்ள தொட்டி வேண்டும். மேய்ச்சலுக்கு 2 முதல் 4 வாரம் முன்பே தொடங்க வேண்டும், அதாவது இன்றைக்கே. இரவு வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நிலைக்கும் வரை தொடருங்கள்.

ஃபெஸ்கியூ நிலத்துப் பசுவுக்குத் தாமிரக் குறைவு சகஜம். அதற்கு உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தாமிரக் குளிகையை வாய்வழியாகப் பசுவுக்கு மட்டும் கொடுத்துவிடலாம், தொட்டியில் தாமிரமே வராது.

வலிப்பு கண்ட பசுவை விரட்டிப் பிடிக்காதீர்கள், ஓடவிட்டால் அங்கேயே சாகும். கால்சியம்-மக்னீசியம் கரைசலை இரத்த நாளத்தில் மெதுவாக, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். இது மருத்துவர் வேலை. எழுந்த பசு திரும்ப விழலாம். ஒரு வாரமாவது அதைப் பச்சையிலிருந்து விலக்கிக் காய்ந்த புல்லும் மக்னீசியமும் கொடுங்கள்.

பெட்டைகளுக்கு குளோஸ்ட்ரிடியம்-டெட்டனஸ் தடுப்பூசி இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். ஈற்றுக்கு 2 முதல் 4 வாரம் முன்பு போட்டால்தான் சீம்பாலில் இறங்கிக் குட்டிக்குப் போய்ச் சேரும். ஏற்கெனவே எல்லையில் இருக்கிறீர்கள்.

காட்டுமல்லி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இப்போது தொட்டியில் இருப்பது மாட்டு உப்புதான், இன்றே மாற்றிவிடுகிறேன். புழு விஷயத்தில் ஆடு முன்னே மாடு பின்னே விடுவதா, சேர்த்தே விடுவதா?

செம்மறிக்கிடை எழுதியது:

இரண்டும் செய்யலாம் அண்ணா, நோக்கம்தான் வேற. வசந்தத்தில் சேர்த்து விட்டால் புல் சீராகக் கடிபடும், வேலி வேலை குறையும். புழுவுக்கு என்று பார்த்தால், ஆடு மேய்ந்த துண்டில் அடுத்த சுற்றில் வளர்ந்த மாட்டை மட்டும் விடுவது நல்லது. ஆட்டைக் கொல்கிற இரத்தம் குடிக்கிற புழு, ஹீமோங்கஸ், பெரிய மாட்டின் வயிற்றில் வளராமல் செத்துப்போகும். சின்னக் கன்றுக்கு அது ஓரளவு ஒட்டும், அதனால் பால் மறந்த கன்றுகளை இந்த வேலைக்கு நம்பாதீங்க.

ஈற்றை ஒட்டித்தான் ஆபத்து தொடங்குது. குட்டி போடுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து ஆறெட்டு வாரம் வரை பெட்டையின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, சாணத்தில் புழு முட்டை பல மடங்கு ஏறும். முதல் ஈற்று ஆடும் இரட்டைக்குட்டி ஆடும்தான் அதிகம் கொட்டும். அந்த முட்டையைத்தான் ஜூனில் குட்டிகள் மேயுது. ஆகவே ஈற்றுக்கு ஒதுக்குகிற துண்டு, போன இலையுதிர்காலத்துக்குப் பிறகு ஆடு மிதிக்காத துண்டாக இருக்கணும்.

வெயில் ஏறிய பிறகு, ஈரமும் சேர்ந்தால், முட்டை ஐந்தாறு நாளில் தொற்றுப் புழுவாகும். ஒரு துண்டில் 4 நாளுக்கு மேல் ஆடு நிற்கக் கூடாது என்பது அதனால்தான். புழுக்குஞ்சு பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருக்கும். 4 அங்குலம் விட்டு நகர்த்தச் சொன்னாங்களே, அது புல்லுக்கும் நல்லது, ஆட்டுக்கும் நல்லது. ஆனால் 20 நாளில் அதே துண்டுக்குத் திரும்பினால் புழு உயிரோடு காத்திருக்கும். நடுவில் ஒரு சுற்று மாடோ, ஒரு அறுப்போ விழுந்தே ஆகணும்.

மந்தை முழுசுக்கும் மருந்து ஊற்றுவதை விட்டுடுங்க. எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சி நிலத்தை நிரப்பும். மே முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபமாச்சா அட்டையை (இமை நிறத்தோடு ஒப்பிட்டு இரத்தசோகையைக் கணிக்கிற வண்ண அட்டை) வைத்துக் கீழ் இமையின் உட்பக்கம் பாருங்க. தென்னாப்பிரிக்காவில் உருவான முறை, 1 சிவப்பு, 5 வெளுப்பு. 4, 5 கட்டாயம் மருந்து. குட்டிக்கும் பால் கொடுக்கிற பெட்டைக்கும் 3 வந்தாலே மருந்து. வெயிலில் நிறுத்திப் பாருங்க, நிழலில் நிறம் சரியாகத் தெரியாது. அடிக்கடி 4 வருகிற பெட்டையை எழுதி வைத்துக் கழித்துவிடணும், அதன் குட்டியை வளர்ப்புக்கு வைக்காதீங்க. கட்டாடினுக்கு இயல்பிலேயே தாங்கும் சக்தி கொஞ்சம் உண்டு, ஆனால் கட்டாடின் என்பதற்காக இமை பார்க்காமல் இருக்க முடியாது. கறிக்குப் போகிற குட்டிக்கு ஊற்றினால் மருந்தின் விலக்கு நாளை (ஊற்றிய பிறகு கறிக்கு வெட்டக் கூடாத காலம்) குறித்து வையுங்க.

ஒரு எச்சரிக்கை: உங்க ஊரில் கருங்கழுகு ஈற்று நேரத்தில் கூட்டமாக இறங்கும், உயிரோடு இருக்கிற குட்டியின் கண்ணைக் கொத்தும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள பறவை, அனுமதி இல்லாமல் சுடக் கூடாது. நஞ்சுக்கொடியை உடனே அகற்றுங்க, ஈற்றுத் துண்டை வீட்டுப் பக்கம் வையுங்க, காவல் நாய் இருந்தால் மிக நல்லது.

பங்குக்கறி எழுதியது:

காளைகள் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏப்ரலில் வெட்டாதீர்கள். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த புல்லில் நின்ற மாட்டில் கொழுப்பு கரைந்திருக்கும். முதல் வாரத்துப் பச்சையில் 80 சதவீதம் தண்ணீர், புரதம் மிகுதி, ஆற்றல் குறைவு. சாணம் தண்ணீராகப் போகும்வரை காளையில் எடை ஏறாது, கறியிலும் ஒரு பச்சை வாடை இருக்கும். சாணம் கெட்டியாகி வட்டமாக விழத் தொடங்கிய பிறகு 60 நாளாவது நல்ல மேய்ச்சல் வேண்டும். வால் அடியில் இரண்டு பக்கமும் கொழுப்பு மேடு, மார்புச் சதை நிறைவு, இவை வந்ததா என்று பாருங்கள். உங்களுக்கு ஜூன் கடைசி சரியாக இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டுக்குத் தள்ளினால் ஃபெஸ்கியூ கெடுக்கும். அதன் உள்ளே வாழும் பூஞ்சை எர்கோவாலின் என்ற நஞ்சைச் சுரக்கிறது, கதிரில் இலையைவிடப் பல மடங்கு. இரத்தக் குழாய் சுருங்கி உடம்புச் சூடு வெளியேறாமல் மாடு குட்டையில் போய் நிற்கும், எடை நின்றுவிடும். மே நடுவில் கதிர் வெளிவரும்போது அறுப்பானை 8 முதல் 10 அங்குல உயரத்தில் வைத்துக் கதிரை மட்டும் தட்டிவிடுங்கள். கண்ணில் கதிர் குத்திக் கண்நோய் பரவுவதும் குறையும். அடுத்த பிப்ரவரியில் உறைபனி மண்ணில் ஏக்கருக்கு 6 முதல் 8 பவுண்டு சிவப்பு க்ளோவர் விதையைத் தூவுங்கள். நஞ்சை நீர்த்துப்போகச் செய்வதோடு, அதில் உள்ள பயோகேனின் என்ற பொருள் சுருங்கிய குழாயைத் தளர்த்துகிறது.

இன்னொரு எல்லை வயது. 30 மாதம் தாண்டினால் முதுகெலும்பை எலும்போடு கறியாகத் தர வெட்டுமிடத்துக்கு அனுமதி இல்லை, டி-போன் துண்டும் கழுத்தெலும்புச் சூப்பும் போய்விடும். பிறந்த தேதியை எழுத்தில் கொண்டுபோங்கள். இல்லையென்றால் பல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

வெட்டுமிடத்தில் இடம் பிடிப்பது மாதக்கணக்கில் முந்திய வேலை. ஜூனுக்கு இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இன்றே கூப்பிட்டு ரத்துப் பட்டியலில் பெயர் கொடுங்கள். மாட்டை உயிரோடு இருக்கும்போதே பங்காக விற்றால், பங்குதாரருக்காக மட்டும் வெட்டிக் கொடுக்கிற கூடம் போதும். அந்தப் பொட்டலத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை இருக்கும், அதைக் கிலோக்கணக்கில் விற்கக் கூடாது. துண்டு துண்டாக விற்க மத்திய அரசு ஆய்வாளர் நிற்கிற கூடம், அல்லது அதற்கு இணையான மாநில ஆய்வுள்ள கூடம்தான் வழி.

வாங்குகிறவர்களிடம் கணக்கை முன்பே சொல்லிவிடுங்கள், சண்டையெல்லாம் இதில்தான் வரும். 1,150 பவுண்டுக் காளை தொங்கும் எடையில் (தோல், தலை, குடல் நீக்கிய உடல்) ஏறக்குறைய 640, வீட்டுக்குப் போவது 400 சொச்சம். கால் பங்கு என்றால் 100 பவுண்டு, உறைபெட்டியில் 4 கன அடி இடம். 100 பவுண்டுக் குட்டி தொங்கும்போது 50, பொட்டலத்தில் 35 அளவில். கொழுப்பு மஞ்சளாக இருப்பது பச்சைப் புல்லின் கரோட்டின். கெட்ட கறி என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வருவார்கள், முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள்.

நம்மவர்கள் வாங்கினால் எலும்போடு சின்னத் துண்டு, ஈரல், சுவரொட்டி, தலை, கால் கேட்பார்கள். வெட்டுச் சீட்டில் முதல் நாளே எழுதாவிட்டால் அதெல்லாம் கழிவுக்குப் போய்விடும். நுரையீரல் மட்டும் கேட்காதீர்கள்; 1971 முதல் அமெரிக்காவில் அதை உணவாக விற்கத் தடை.