இனான்டா டேம்ல பிடிக்கிறதுல எது குழம்புக்கு, எது திரும்ப தண்ணிக்கு?

தூண்டில்காரன்_டர்பன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் தஞ்சாவூர் பக்கம், வேலைக்கு தென்னாப்பிரிக்கா டர்பன் வந்திருக்கேன், சனிக்கிழமை ஆனா ரூம்மேட்ஸோட இனான்டா டேம்தான். என்ன மாட்டினாலும் குழம்பு வச்சிடுறது எங்க பழக்கம். போன தடவை மஞ்சளா மின்னுற செதில் மீன் ஒண்ணு மாட்டுச்சு, பக்கத்துல இருந்த உள்ளூர் தாத்தா அதை பாத்து "ஸ்கேலி, விட்ருப்பா"ன்னார். ஏன்? இன்னொண்ணு, ஆப்பிரிக்கன் கெளுத்திதான் நம்ம ஊர்ல தடை பண்ண மீனாச்சே, இங்க மாட்டினா கொன்னு கரையில வீசிடணும்னு ரூம்மேட் சொல்றான், சரியா?

செந்தில்_பீட்டர்மரிட்ஸ்பர்க்:
ஐயோ கொல்லாதீங்க தம்பி! அது இங்க பொறந்த மீன், பார்பெல்னு சொல்லுவாங்க. நம்ம ஊருக்கு வளக்க கொண்டு போய் அங்க ஆறு குளமெல்லாம் பரவி மத்த மீனை தின்னுச்சு, அதனால தடை. அது பொறந்த வீட்டுலயே வந்து அதை கொல்றதுல என்ன நியாயம்? நடு சைஸ்ல ஒண்ணு ரெண்டு சாப்பிட எடுங்க தப்பில்ல, பெரிய சினை மீனை விட்டுடுங்க, அதுகிட்டதான் முட்டை ஜாஸ்தி. ஜிலேபி மீனும் (திலாப்பியா) இதே கதைதான், 1952ல நம்ம ராமநாதபுரம் பக்கத்து மண்டபத்துக்கு கொண்டு வந்தது இந்த பக்கத்து ஆத்து மீன் வகை, இப்ப இங்க நைல் திலாப்பியா கலந்து அசல் இனமே ஆபத்துல இருக்கு.

தாத்தா சொன்ன ஸ்கேலி, டர்பன் இருக்குற இந்த குவாசூலு-நட்டால் மாகாண ஆறுங்கள்ல மட்டும்தான் இருக்கு, உலகத்துல வேற எங்கயும் கிடையாது. வெயில் காலம் தொடங்கி மழை வந்ததும் ஓடுற தண்ணில கூழாங்கல்லு மேல முட்டை போடும், அந்த நேரத்துல ஆத்து வாய்ல கூட்டமா நிக்கும், அங்க போய் அள்ளுறதுதான் பெரிய பாவம். விடும்போது கையை நனைச்சுட்டு பிடிங்க, காஞ்ச கை பட்டா மேல இருக்குற வழவழப்பு போய் புண்ணு வந்துடும். கொக்கி முனைக்கிட்ட பின்பக்கமா நிக்கிற குட்டி முள்ளை பிளையர்ல அமுக்கிட்டா சுலபமா கழண்டுடும். கார்ப் மட்டும் தாராளமா எடுங்க, அது வெளியிலேருந்து வந்தது, சேத்தை கிண்டி தண்ணிய கலக்குறதே அதுக்கு வேலை.

பாஸ்_பைத்தியம்:
பாஸ் மீனும் வெளியிலேருந்து வந்ததுதான், 1928ல. ஆனா அதை குழம்பு வச்சா இங்க உள்ள பாஸ் கிளப் காரங்க உங்களோட பேச மாட்டாங்க 😂 நான் எடுக்க மாட்டேன், விளையாட்டு மீன். சட்டம் வேற, மரியாதை வேற.

செந்தில்_பீட்டர்மரிட்ஸ்பர்க்:
அதெப்படி ப்ரோ, ஸ்கேலி குஞ்ச தின்னுற பாஸுக்கு மரியாதையா? சரி விடுங்க, இதுக்கு தனி த்ரெட் போடலாம். எதையும் உசுரோட பக்கெட்ல எடுத்துட்டு போய் வேற டேம்ல விடாதீங்க, அதுக்கு கேஸ் இருக்கு. லைசன்ஸும் வேணும், கேட்லயே கேட்டுக்கோங்க.

மல்லிகா_சாட்ஸ்வர்த்:
தம்பி, டேமுக்கு கீழ, டர்பன் ஊருக்குள்ள வர்ற உம்கேனி ஆத்துல பிடிச்சு சாப்பிடாதீங்க, 2022 வெள்ளத்துல சாக்கடை பிளான்ட் எல்லாம் உடைஞ்சு அந்த தண்ணி ரொம்ப மோசமா போச்சு. கார்ப்ல சேத்து வாடை வந்தா தோலை உரிச்சு, உப்பும் மஞ்சளும் போட்டு புளிச்ச மோர்ல அரை மணி ஊற வைங்க, முள்ளு ரெண்டா பிரிஞ்சு நிறைய இருக்கும், அதனால கத்தியால நெருக்கமா கீறிட்டு நல்லா மொறுமொறுன்னு பொரிங்க. குழம்புக்கு பார்பெல்தான் நல்லது.

தூண்டில்காரன்_டர்பன்:
நன்றி அண்ணா, அக்கா. இந்த சனி பிளையர் வாங்கிட்டு போறேன். கார்புக்கு மக்காச்சோள மாவு உருண்டையா, மண்புழுவா, எது நல்லா எடுக்கும்?