ஐசிஎஃப் ரயில் பெட்டி மாடலுக்குப் பழைய மெரூன் நிறம்: எப்படிக் கலக்கிறீர்கள்?
வணக்கம் நண்பர்களே. பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ஸ்லீப்பர் பெட்டி ஒன்றின் மாடலை 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, பிளாஸ்டிக் ஷீட்டில் செய்துகொண்டிருக்கிறேன். 21.3 மீட்டர் நீளப் பெட்டி, 245 மி.மீ. வருகிறது. நம் அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1676 மி.மீ.; கணக்குப்படி மாடலுக்கு 19.3 மி.மீ. வேண்டும், கடையில் கிடைக்கும் மாடல் தண்டவாளமோ 16.5 தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நிறம் தப்பினால் பார்க்கச் சகிக்காது. நீலம் வருவதற்கு முந்தைய மெரூன் வேண்டும். அக்ரிலிக் சிவப்பில் பழுப்பு கலந்தால் செங்கல் மாதிரி ஆகிறது, கறுப்பு விட்டால் செத்துப்போகிறது. என்ன விகிதம் சரிவரும்?

அப்புறம், ஜன்னல் கம்பிகளுக்கு 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி வைத்திருக்கிறேன். ஏர்பிரஷ் அடித்தால் மூலைகளில் பெயிண்ட் தேங்குகிறது. தனியாக அடித்துவிட்டு ஒட்டலாமா? பழைய பெட்டியின் கலர் போட்டோ இருந்தால் போடுங்கள், வெயிலில் வெளுக்காததாக.