கல்யாண வீட்டில் குடித்தால் அபராதம்: ஊர்க் கட்டுப்பாடு சரியா?

வடுவூரான்:
பக்கத்து ஊரில் கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு எதிலும் சரக்கு வாங்கித் தரக் கூடாது, குடித்துவிட்டும் வரக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். என் ஆதரவு உண்டு. பிணத்தைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்குக் குவார்ட்டர் வாங்க வட்டிக்கு அலைகிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. தனி ஆளாக மறுத்தால் கஞ்சன் என்று பேசுவார்கள். ஊரே சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்வார்கள்.

கீழ்வேளூர்க்காரன்:
அண்ணே, அபராதம் யாரிடம் வசூலாகும்? நடவு முடித்து டாஸ்மாக் வாசலில் நிற்பவனை ஊரே பார்க்கிறது. பண்ணை வீட்டு மாடியில் பாட்டில் திறந்தால் யார் கேட்பது? கூலி ஆட்களுக்குத் தண்டனையாகச் சவுக்கடியும் சாணிப்பாலும் (கரைத்த சாணி) கொடுத்த மண் இது. ஊர் தண்டனை என்றாலே எங்களுக்குப் பயம்தான். அவனவன் தனக்கே கட்டுப்பாடு போடட்டும்: கூலியை முதலில் வீட்டில் கொடு, அளவாகக் குடி, குடித்தால் வண்டியைத் தொடாதே.

குடந்தை செவிலி:
தம்பி, அந்த 'அளவு' எவ்வளவு? கேட்டால் பெரும்பாலும் ஒரு குவார்ட்டர் என்பார்கள். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்தவர், முறைத் தண்ணீர் பாய்ச்ச மூன்று மணிக்கு பைக்கை எடுத்தால் முழுதாக இறங்கியிருக்காது. மோர் குடித்தால் தெளியும் என்பதெல்லாம் சும்மா. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்கு.
அப்புறம் வடுவூர் அண்ணனுக்கு: தினமும் நிறையக் குடிப்பவரை மிரட்டி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றலாம். சில சமயம் உயிருக்கே ஆபத்து. அவரை நிறுத்த வேண்டிய இடம் பஞ்சாயத்து இல்லை, மருத்துவமனை.

வடுவூரான்:
சரி, குடிப்பவனுக்கு அபராதம் வேண்டாம். ஊற்றிக் கொடுக்கிற வீட்டுக்கு மட்டும் இருக்கட்டும். பண்ணை வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

கீழ்வேளூர்க்காரன்:
முதல் ரசீதை அந்தப் பண்ணை வீட்டுக்குப் போடச் சொல்லுங்கள் அண்ணே. போட்டால் நானே கூட்டத்துக்கு வந்து கை தூக்குகிறேன்.