யாழினி காதுகுத்து: வகையறா குழு

பிரபு: செல்வம் மாமா, காதுகுத்துக்கு நானே கேமரா கொண்டாரேன். செகண்ட்ஹேண்ட்ல 18-300 எம்.எம். ஜூம் லென்ஸ் ஒண்ணு வந்திருக்கு. இருக்கிற 18-55 லென்ஸைத் தள்ளிவிட்டு அதை வாங்கிட்டா சித்திரைத் திருவிழாவுக்கும் ஆகும்ல?

சாந்தி அத்தை: மொதல்ல தேதியைச் சொல்லுங்கப்பா

ராஜா சித்தப்பா: கிடா எத்தனை?

செல்வம் மாமா: பிரபு, ரெண்டும் வேற வேற வேலைடா. அழகர் ஆத்துல இறங்குறதுக்கு 18-300தான் சரி. வைகைக் கரையில, ஆழ்வார்புரத்துக் கூட்டத்துல நின்னு லென்ஸ் மாத்தவே முடியாது. தோல் துருத்தியில பீச்சுற தண்ணி அடிக்கும், புழுதி போய் சென்சார்ல உக்காந்துரும். இதுன்னா 18ல மொத்தக் கூட்டம், ஒரு திருகு திருகினா 300ல தங்கக் குதிரை. ஆனா 300ல எஃப் 6.3தான் (எஃப் எண் கூடக் கூட லென்ஸ் வாங்குற வெளிச்சம் கொறையும்), விடியுறதுக்கு முந்தி திணறும். திருகும்போது குழல் வெளிய நீளுதுல்ல, அந்த இடுக்குல ஈரம் போகும். பாலிதீன் பையை ஹூட் (லென்ஸ் முன்னாடி மாட்டுற மறைப்பு) வரைக்கும் மூடி ரப்பர் பேண்ட் போட்டுக்க.

மீனா: 👍

செல்வம் மாமா: காதுகுத்து மண்டபத்துக்குள்ள. அங்க 18-300ஐ 100ல வச்சா எஃப் 5.6க்கு வந்துரும். 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். அதுல ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) 800ல முடியுற படத்துக்கு 18-300 8000 கேக்கும், முகமெல்லாம் மணல் மணலா வரும். ஸ்டெபிலைசர் நம்ம கை ஆட்டத்தைத்தான் தாங்கும், புள்ள தலையைத் திருப்புறதை நிறுத்தாது. ஷட்டர் வேகம் 1/250 செகண்டுக்குக் கீழ இறங்காத.

பிரபு: ஃப்ளாஷ் தூக்கிக்கிட்டா?

செல்வம் மாமா: கேமராவோட வர்ற ஃப்ளாஷா? 18ல இந்த நீள லென்ஸோட நிழல் படத்துக்குக் கீழ அரைவட்டமா விழும். ஹூடைக் கழட்டினா கொஞ்சம் குறையும்.

ராஜா சித்தப்பா: கிடா கேட்டேனே

சாந்தி அத்தை: ரெண்டு. யாரு மடியில உக்கார வைக்கிறதுன்னு முடிவாச்சா?

பாண்டி பெரியப்பா: மூத்த மாமன் மடியிலதான். இதுல பேச்சே இல்ல

கண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: கண்ணா, போன்ல பேசிக்கலாம்டா

செல்வம் மாமா: யாரு மடியா இருந்தாலும் புள்ள முகம் வாசலைப் பாத்து இருக்கட்டும். ஆசாரி வெளிச்சத்துக்குக் குறுக்க உக்காரக் கூடாது. பிரபு, வாங்குறதுக்கு முந்தி இதெல்லாம் பாரு. 100 கிட்ட வச்சுக் கீழ கவுத்திப் பிடி, குழல் தானா வழிஞ்சு நீண்டா ஜூம் தளர்ந்துருச்சு. பூட்டு இருந்தாலும் 18ல மட்டுந்தான் பிடிக்கும். பின்பக்கமிருந்து டார்ச் அடி, நூலாம்படை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, வேணாம். அப்புறம் செய்தித்தாளைச் சுவத்துல விரிச்சு ஒட்டி, நேர நின்னு 18லயும் 300லயும் எடு. நாலு மூலையும் கொஞ்சம் மங்குறது இந்த வகைக்கு இயல்பு. ஒரு மூலை மட்டும் எழுத்து கலைஞ்சா உள்ள கண்ணாடி சாஞ்சிருக்கு, அதைத் தொடாத.

பிரபு: 18ல தூணெல்லாம் வளையுமே மாமா

செல்வம் மாமா: வளையும். கேமரா கம்பெனி லென்ஸா இருந்து, கேமராவுல அந்த வசதி ஆன்ல இருந்தா ஜேபெக்ல கேமராவே நிமித்திரும். ரா (கேமரா திருத்தாத ஃபைல்) எடுத்தா லைட்ரூம் சாஃப்ட்வேர்ல லென்ஸ் ப்ரொஃபைலை டிக் பண்ணு. ஆளுகளை ஓரத்துல நிறுத்தாத, உடம்பு இழுத்துக்கிட்டுப் போகும்.

சாந்தி அத்தை: அப்ப என்னைய நடுவுல நிறுத்து 😄

பிரபு: சரி மாமா, 18-300 திருவிழாவுக்கு. காதுகுத்துக்கு 50 யாருகிட்ட இருக்கு?

மீனா: கண்ணன்கிட்ட

பிரபு: கண்ணா?

ராஜா சித்தப்பா: ரெண்டு கிடா பத்தாது

பிரபு: கண்ணா, பாத்தியா?