டெஸ்டர் எரிகிறது, கிரைண்டர் ஓடவில்லை: நியூட்ரல் எங்கே போனது?

செங்கோட்டையில் எங்கள் வீடு. அடுப்படி மேடைக்கு மேலே உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் செத்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் 6 ஆம்பியரில் மிக்ஸி நன்றாக ஓடுகிறது. ஆரியங்காவு பக்கமிருந்து சாரல் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை. அந்தச் சுவரில் வருடா வருடம் ஓதம் ஏறும்.

எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) எதுவும் விழவில்லை. மெயினை அணைத்துவிட்டு சாக்கெட், சுவிட்ச் இரண்டையும் புதிதாக மாற்றியாயிற்று. மல்டிமீட்டரில் பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் 230 வோல்ட் வருகிறது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) 40 சொச்சம்தான், அதுவும் ஆடுகிறது. கிரைண்டரைச் செருகி சுவிட்சைப் போட்டால் நியூட்ரல் வயரிலும் டெஸ்டர் எரிகிறது. ஆக நியூட்ரல்தான் எங்கோ அறுந்திருக்கிறது. தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர், சுவருக்குள் பி.வி.சி. பைப்பில் வருகிறது; பரணுக்கு மேலே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் உண்டு, இன்னும் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி, எர்த்தையே நியூட்ரலாக மாட்டிவிடச் சொன்னார். ஆளைக் கொல்லும் யோசனை, மாட்டேன் என்றுவிட்டேன். வந்த எலெக்ட்ரீஷியனோ எதையும் திறந்து பார்க்காமலே டைல்ஸை உடைக்கணும் என்கிறார். இதே டைல்ஸ் இனிக் கிடைக்காது.

டைல்ஸில் கை வைக்காமல், நியூட்ரல் அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?