பூனையின் சூலகத் தண்டை நூலின்றி முடிச்சிடலாமா?

நூலிழை:
கருத்தடை அறுவை சிகிச்சை பழகுபவர்கள் பெண்பூனையின் சூலகத் தண்டை (சூலகத்துக்குச் செல்லும் ரத்தநாளங்கள் அடங்கிய திசுவை) நூலால் கட்ட வேண்டியதில்லை என்றும், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்னும் கவ்வுகருவியின் முனையில் அத்தண்டையே சுற்றி முடிச்சிட்டால் போதும் என்றும் கிடுக்கி எழுதியிருப்பது பொறுப்பற்ற பேச்சு. சூலகத் தமனி வயிற்றுப் பெருந்தமனியிலிருந்தே கிளைக்கிறது. முடிச்சு நழுவினால் அறுபட்ட முனை சிறுநீரகத்துக்குப் பின்னுள்ள கொழுப்புக்குள் சுருங்கி மறைந்துவிடும். அதைத் தேடிப் பிடிக்கத் தெரியாத கைக்கு இந்த முறையை எப்படிக் கற்றுத்தருவது?

கிடுக்கி:
ஆண்பூனையின் விந்துநாணை இதே முறையில் முடிச்சிடக் கற்பிக்கும்போது நீங்கள் எதிர்த்ததில்லையே! பெண்பூனையின் தண்டு மெலிந்தது, கொழுப்பும் குறைவு. நூலின்றி முடிப்பதால் விலங்கு மயக்கத்தில் இருக்கும் நேரம் குறைகிறது. உடலுக்குள் அந்நியப் பொருளும் தங்குவதில்லை. நான் எழுதியது பூனையைப் பற்றி மட்டுமே.

நூலிழை:
கற்பவரின் கை பூனைக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்திருப்பதில்லை. வளர்ந்த பெண்நாயின் தண்டு கொழுப்பால் தடித்திருக்கும். வலச் சூலகம் இடத்தைவிட முன்னே, ஆழத்தில் இருக்கும். சூலகத்தை உடற்சுவரோடு பிணைக்கும் தாங்குதசைநாரைத் தளர்த்தாமல் அது வெளியே வராது. அங்கே நூல்தான் உயிரைக் காக்கும். முதலில் நூல், பிறகுதான் மற்றவை.

பூனைத்தோழி:
பழகுபவர் என்று நீங்கள் இருவரும் யாரைச் சொல்கிறீர்கள்? சிலிக்கோன் மாதிரியில் முடிச்சிடுபவரையா, ஆசிரியர் அருகில் நிற்க முதல் பூனையைத் திறப்பவரையா?

இறுதியாண்டு:
சிலிக்கோன் மாதிரியில் நூற்றுக்கணக்கான முடிச்சுகள் போட்ட பிறகும், முதல் பெண்நாயில் நான் போட்ட சர்ஜன்ஸ் நாட் (முதல் சுற்றில் நூலை இருமுறை முறுக்கும் முடிச்சு) தடித்த தண்டில் இறுகாமல் தளர்ந்தது. ஆசிரியர் அதை அவிழ்த்துவிட்டு, தண்டை இருமுறை சுற்றும் மில்லர்ஸ் நாட்டைப் போட வைத்தார். ஆகவே நூல் இருந்தாலே பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நூலிழை:
அது முடிச்சின் குறை; நூலின் குறையல்ல. தடித்த தண்டில் சர்ஜன்ஸ் நாட்டை நம்பக்கூடாது என்பதை உங்களுக்கு முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கிடுக்கி:
மாணவர்மீது பழியைப் போடாதீர்கள். கருப்பைக் கொம்பைத் தேட ஸ்பே ஹுக் என்னும் கொக்கியைப் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கலாம் என்று நான் எழுதியபோதும், இதே குரலில் என்னைப் பொறுப்பற்றவன் என்றீர்கள். நான் அதை மறக்கவில்லை.

நூலிழை:
இன்றும் அதையேதான் சொல்கிறேன். கற்பவர் கீறலைச் சற்று நீட்டி, கண்ணால் பார்த்து எடுக்கட்டும். கொக்கியால் துழாவி மண்ணீரலைக் கிழிப்பதைவிட இரண்டு தையல் கூடுதலாகப் போடுவது மேல்.

கிடுக்கி:
நீண்ட கீறலும் காயம்தான். அந்தத் தையலைக் கடித்துப் பிரிப்பதும் விலங்குதான். முடிச்சுக்கு அப்பால் போதிய திசுவை விட்டு வெட்டி, தண்டை உள்ளே விடுமுன் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துவிட்டால் பூனைக்கு என் முறை போதும். அதைத் தொடர்ந்து கற்பிப்பேன்.

நூலிழை:
தண்டு உள்ளே போன பிறகு நழுவினால் என்ன செய்வார் என்பதற்கு நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை. என் மேசையில் கற்பவர் யாரும் நூலின்றிச் சூலகத் தண்டை வெட்டமாட்டார்.